மெக்கானிக்கல் சேர்ந்ததும் கையில் வருவது அரமும் டிராஃப்டரும்

முதல் வாரமே எஞ்சினைப் பிரிக்கலாம் என்று நினைத்து பி.இ. மெக்கானிக்கலுக்கு வராதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் முதல் வருடம் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல்தான். மெக் வாசனை அடிப்பது டிராயிங் வகுப்பிலும் ஒர்க்‌ஷாப்பிலும்.

டிராயிங்கில் மினி டிராஃப்டரை (போர்டில் மாட்டி நேர்க்கோடு போட உதவும் ஸ்கேல் கருவி) போர்டில் மாட்டியதும் கோடு போட ஆரம்பிக்காதீர்கள். அதைத் தாளின் நாலு மூலைக்கும் நகர்த்தி, ஸ்கேல் தாளின் விளிம்போடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். கிளாம்ப் லூசாக இருந்தால் கடைசிக் கோடு வரை சாய்ந்துதான் போகும். நம் பாடத்தில் முதல் கோண முறைதான்: முன்தோற்றம் மேலே, மேல்தோற்றம் அதற்குக் கீழே. யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துப் பழகினால் இது தலைகீழாகிவிடும். பலர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

ஒர்க்ஷாப்பில் இரும்பை ராவிப் பொருத்தும் ஃபிட்டிங் பகுதியில் 6 மி.மீ. தடிமன் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் ‘வி’ ஜாயிண்ட் மாதிரி ஏதாவது செய்யச் சொல்வார்கள். முதலில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விளிம்புகளை ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரியக் கூடாது. எல்லா அளவையும் அந்த இரண்டு விளிம்பிலிருந்தே எடுங்கள். ஹாக்ஸா பிளேடின் பல் முன்னோக்கி இருக்கட்டும். கோட்டின் மேலேயே அறுக்காமல், ராவுவதற்கு 1 மி.மீ. விட்டு வெளியே அறுங்கள். உள்ளே நுழையும் ஆண் துண்டை முடித்துவிட்டு, அதைப் பொருத்திப் பொருத்தி, அதை வாங்கும் பெண் துண்டை ராவுங்கள். அதிகம் ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது அழுத்தினால் பல்தான் தேயும். கை ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுப்பகுதி மேடாகும்.

லேத்தில் (கடைசல் எந்திரம்) பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போட்டால் அது கல்லாகப் பறக்கும். கையுறை, தொளதொள முழுக்கை, கைக்கயிறு எதுவும் வேண்டாம். பொருளின் முன்முகத்தைச் சமமாக்கும் ஃபேசிங்கில் நடுவில் சின்ன மொட்டு மிஞ்சினால் டூல் நுனி சரியாகச் சென்டர் உயரத்தில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ். ஃபார்முலாவை மனப்பாடம் செய்து தப்பிக்கவே முடியாத பாடம் இது. பொருளைத் தனியாக வரைந்து, தொடும் ஒவ்வொரு இடத்திலும் விசையைக் குறித்த பிறகே சமன்பாட்டுக்குப் போங்கள். இங்கே அரியர் விழுந்தால் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் மெஷின் டிசைனும் சேர்ந்தே கழுத்தைப் பிடிக்கும்.

அலகிலும் கவனம். 20 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 10 கிலோநியூட்டன் இழுவை என்றால் பரப்பு 314 சதுர மி.மீ., தகைவு (ஸ்ட்ரெஸ்) சுமார் 31.8 மெகாபாஸ்கல். விட்டத்தை ஆரமாகப் போட்டால் 8க்கும் கீழே வரும். கம்பி நாலு மடங்கு பலமானது என்று தாள் பொய் சொல்லும். தெர்மோடைனமிக்ஸில் இதே வேலையைச் செய்வது கேஜ் அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் மீட்டர் காட்டும் அழுத்தம். வளிமண்டலத்தின் 101.325 கிலோபாஸ்கலைக் கூட்டாமல், செல்சியஸைக் கெல்வினாக்காமல் வாயுச் சமன்பாட்டில் கை வைக்காதீர்கள்.

டிசைன் பேப்பருக்கு டேட்டா புக் (ஃபார்முலாவும் அட்டவணையும் உள்ள புத்தகம்) கொண்டுபோகலாம். பென்சிலால்கூட அதில் எதையும் எழுதாதீர்கள், ஹாலில் பறித்துவிடுவார்கள். எந்த அட்டவணை எந்தப் பக்கம் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். மூன்று மணி நேரத்தில் புரட்டித் தேட நேரம் இருக்காது.