தாடை ஆபரேஷனுக்குப் பிறகு வலி: வீட்டில் நாங்கள் செய்த தவறுகள்

தங்கைக்குக் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சை நடந்த மூன்றாம் நாள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். கன்னம் இரண்டும் காதுவரை வீங்கி, அவள் முகமே அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று வீடே பயந்தது. இந்த வீக்கம் 2, 3ஆம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி வடிய இரண்டு மூன்று வாரம், முழுவதும் வடியப் பல மாதம் ஆகும். முதல் வாரத்து முகத்தை வைத்து முடிவு கட்டியதுதான் எங்கள் முதல் தவறு.

அடுத்தது ரசம். இளம்சூடு என்று நினைத்து டம்ளரைக் கொடுத்தோம், அவளும் குடித்தாள். கீழுதடு சிவந்து கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பைப் பிளந்து நகர்த்தும்போது அதுவும் இழுபடும், உதடு மரத்துப்போகும். எறும்பு ஊர்வது போலவோ சுருக்கென்று குத்துவது போலவோ இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நரம்பு விழித்துக்கொள்வதன் அடையாளம். பலருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. அதுவரை எதையும் கையில் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும்.

சாப்பாட்டில் நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். ஒன்று, வெறும் நீர்க்கஞ்சியாகவே கொடுப்பது. உடம்பு இளைத்து, சோர்ந்து, மனமும் சேர்ந்து துவண்டுவிடும். பருப்பு, முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து வடிகட்டிக் கொடுக்கலாம். இன்னொன்று, நான்காம் வாரத்திலேயே "வலிதான் இல்லையே" என்று முறுக்கைக் கடிப்பது. எலும்பைப் பிடித்திருப்பது டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும்தான். எலும்பு ஒட்டிச் சேர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். வலி போய்விட்டதாலேயே தாடைக்குப் பலம் வந்துவிட்டதாக ஆகிவிடாது.

பயந்துகொண்டு வாயைத் திறக்காமலே இருப்பதும் வலியைத்தான் வளர்க்கும். தசையும் காதருகே இருக்கும் தாடை மூட்டும் இறுகிப்போகும். சாதாரணமாக நம் வாய் 40 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது மூன்று விரல் நுழையும் அளவு திறக்கும். அந்த அளவுக்குத் திரும்ப டாக்டர் சொல்லும் நாளில் பயிற்சியைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். கரண்டியை நுழைத்து நெம்ப வேண்டாம்.

மூட்டில் 'டக்' என்று சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் பொதுவாக வைத்தியம் தேவைப்படாது. காதருகே விரலை வைத்து, சத்தம் வருகிறதா என்று திறந்து திறந்து பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பல்லுக்குக் கம்பி போட்டால் தாடை மூட்டு வலி தீரும் என்று நம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். கம்பி அந்த வலியை உண்டாக்குவதாகவோ குணமாக்குவதாகவோ ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஆபரேஷனிலும் சிலருக்கு வலி குறைகிறது, சிலருக்கு அப்படியே நிற்கிறது, சிலருக்குப் புதிதாக வருகிறது. முன்பே மூட்டு வலி இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எல்லாம் முடிந்த பிறகு வரும் மௌனம். "முகம்தான் நல்லா இருக்கே, இன்னும் என்ன?" என்று உறவினர் கேட்டதும் அவள் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூசுவது, தூக்கம் கெடுவது, பேசும்போது தாடை அசதியாவது, இவையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியவைதான். காய்ச்சல், சீழ், வடிந்த வீக்கம் மறுபடி ஏறுவது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம் திடீரென்று மாறுவது என்றால் அன்றைக்கே போக வேண்டும். மாதங்கள் கழித்து மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் மெல்ல மெல்ல விலகி, கடித்தாலும் சேராமல் போனால் அதையும் காட்ட வேண்டும். மூட்டு எலும்பு தேய்வதாக இருக்கலாம், இளம் பெண்களிடம் இது அதிகம்.

ஐந்தாம் மாதம் ஒரு நோட்டில் வலி வரும் நேரத்தை எழுதச் சொன்னேன். பத்து நாளில் எட்டு நாள் 'காலையில் எழும்போது' என்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கன்னத்துத் தசையை அழுத்திப் பார்த்து, "தூக்கத்தில் பல்லை இறுகக் கடிக்கிறாய்" என்றார். இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட் செய்து கொடுத்தார். பகலில் உதடு சேர்ந்திருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.