சட்டம் கேட்காததை ஏன் கேட்கிறீர்கள்? நிதி கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுக்கும் கம்பெனிகளிடமும் அறக்கட்டளைகளிடமும் ஒரு குறைப்பட்டியல் தயாராக இருக்கும். கணக்கு ஒழுங்காக இல்லை, நல்ல ஆட்கள் தங்குவதில்லை, பத்து வருடமாகியும் அதே அளவில்தான் இருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி பணம் கொடுக்கும் விதத்தால் வருவது. ஏன் இப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் ‘ரூல் அப்படி’ என்பார்கள். ரூலை எடுத்துப் படித்தால் பல இடங்களில் அப்படி இருக்காது.

நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் என்ற நிபந்தனையிலிருந்தே தொடங்கலாம்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135ன் கீழ் வரும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு உண்டு. அது கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் துறையை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கானது. என்ஜிஓவின் அலுவலக வாடகைக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் அந்த வரம்பு போடப்படவில்லை. ஆனாலும் புரொபோசல் படிவத்தில் ‘நிர்வாகம்: அதிகபட்சம் 5 சதவீதம்’ என்று அச்சடித்துத்தான் வருகிறது.

அதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கில் பாருங்கள். 40 மாலைநேரப் படிப்பு மையங்கள். ஆசிரியர் மதிப்பூதியம் மாதம் 4,000 வீதம் ஆண்டுக்கு 19.20 லட்சம். 18,000 சம்பளத்தில் இரண்டு மேற்பார்வையாளர்கள், 4.32 லட்சம். மையத்துக்கு 6,000 வீதம் பாடப்பொருட்கள், 2.40 லட்சம். பயணம் 1.20 லட்சம். நேரடிச் செலவு மொத்தம் 27.12 லட்சம். இந்த நிறுவனம் எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்து 90 லட்சம் நேரடியாகச் செலவிடுகிறது. வாடகை, கணக்காளர், இயக்குநர், ஆடிட் எல்லாம் சேர்ந்த பொதுச்செலவு 18 லட்சம், அதாவது நேரடிச் செலவில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தத் திட்டத்தின் பங்கு 5.42 லட்சம். 5 சதவீதம் என்று கொடுத்தால் கிடைப்பது 1.36 லட்சம். மீதி நாலு லட்சத்துச் சொச்சத்துக்கு என்ஜிஓ வேறெங்காவது கையேந்த வேண்டும். உங்கள் நிதியை வாங்கியதாலேயே அது நாலு லட்சம் ஏழையாகிறது. இப்படி மூன்று கம்பெனிகள் ‘உதவி’ செய்தால் கணக்காளர் வேலையை விட்டுப் போய்விடுவார். பிறகு கணக்கு ஒழுங்காக இல்லை என்று குறிப்பு எழுதப்படும்.

செய்ய வேண்டியது எளிது. கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கையை வாங்கிப் பொதுச்செலவு விகிதத்தைக் கணக்கிட்டு, அந்த விகிதத்திலேயே கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. தொண்டுத் துறைக்கு ஆலோசனை தரும் பிரிட்ஜ்ஸ்பேன் குழு 2021ல் வெளியிட்ட ஆய்வில் இந்திய என்ஜிஓக்களின் மறைமுகச் செலவு 5 முதல் 51 சதவீதம் வரை விரிந்திருந்தது; இடைநிலை அளவு (மீடியன்) 19. வெளிநாட்டு நிதியில் மட்டும் சட்ட வரம்பு உண்மையிலேயே உண்டு. 2020 திருத்தத்தில், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் நிர்வாகச் செலவு வரம்பு 50லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அங்கும்கூட பள்ளி ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனை டாக்டர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது.

மேலே உள்ள கணக்கில் பிஎஃப், பணிக்கொடை (கிராஜுவிட்டி) இரண்டையும் காட்டவில்லை. பல புரொபோசல்களிலும் அவை இருக்காது, கேட்டால் வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில். 20 பேர் வேலை செய்தால் பிஎஃப், 10 பேர் என்றாலே பணிக்கொடை. 18,000 வாங்கும் மேற்பார்வையாளருக்கு, 15,000 உச்சவரம்பில் கணக்கிட்டாலும் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு மாதம் 1,800. முழுச் சம்பளத்தையும் அடிப்படை ஊதியமாகக் கொண்டு 4.81 சதவீதம் ஒதுக்கினால் பணிக்கொடைக்கு இன்னொரு 866. புரொபோசலில் இந்த வரிகள் இல்லையென்றால் சிக்கனம் என்று பாராட்டாதீர்கள், எங்கே என்று கேளுங்கள்.

மார்ச் மாதக் காய்ச்சல்

தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கிறது. ஒப்பந்தம் டிசம்பரில் கையெழுத்தாகி, பணம் பிப்ரவரியில் வந்து, மார்ச் 31க்குள் செலவழிக்கச் சொன்னால் என்ன வாங்க முடியும்? டேப்லெட், பெஞ்சு, பை. பரீட்சை நேரத்தில் புதிதாக ஓர் ஆசிரியரைக்கூட வேலைக்கு எடுக்க முடியாது. கம்பெனியின் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது: என்ஜிஓ கணக்குக்குப் பணத்தை அனுப்பினால் மட்டும் அது சிஎஸ்ஆர் செலவாகாது, அங்கே பயன்படுத்தப்பட வேண்டும், அதற்கு நிதித் தலைமை அதிகாரி சான்றளிக்க வேண்டும். ஆனால் வழியும் விதியிலேயே இருக்கிறது. இயக்குநர் குழு அதைத் ‘தொடர் திட்டம்’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் ஓடலாம். மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் செலவாகாத சிஎஸ்ஆர் நிதிக்கான தனி வங்கிக் கணக்குக்கு மாற்றினால் போதும். அந்தத் தீர்மானத்தை ஏப்ரல், மே கூட்டத்திலேயே போடுங்கள். மார்ச்சில் நினைவு வந்தால் தாமதம்.

தவணை முறையும் இதே ரகம். 40, 40, 20 என்று பிரித்து, கடைசி 20 சதவீதத்தை இறுதி அறிக்கைக்குப் பிறகு தருவது வழக்கம். அதாவது கடைசி இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை என்ஜிஓ கடன் வாங்கிக் கொடுக்க வேண்டும். முந்தைய தவணை முழுவதும் செலவாகி, ஆடிட்டரின் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்தால்தான் அடுத்தது என்பதும் அப்படித்தான். ஆடிட்டர் கையெழுத்துக்கே சில வாரம் ஆகும். முதல் தவணை ஆறு மாதத்துக்குப் போதுமானதாக இருக்கட்டும். அதில் 70 சதவீதம் செலவானதும், டாலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கணக்கை வைத்தே அடுத்ததை விடுங்கள். தணிக்கைச் சான்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். பட்ஜெட்டில் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 15 சதவீதம் வரை மாற்றிக்கொள்ள அனுமதியும் எழுதிக்கொடுங்கள்.

இரட்டிப்பாக்கச் சொல்வது

‘40 மையம் நடத்துகிறீர்கள், 80 ஆக்குங்கள், இரண்டு மடங்கு தருகிறோம்’ என்பது தாராளமாகத் தெரியும். மாலை மையம் இரண்டு மணி நேரம்தான் நடக்கும். ஒரு மேற்பார்வையாளர் ஒரு மாலைக்கு ஒரு மையம் பார்க்கலாம், மாதத்தில் 22 மாலை. ஒவ்வொரு மையத்தையும் மாதம் இருமுறை பார்க்க வேண்டுமானால் அவருக்கு 11 மையங்களுக்கு மேல் தரக்கூடாது. எனவே 40 மையத்துக்கே நான்கு பேர் வேண்டும்; இரண்டு பேரை வைத்து ஓட்டுவது பட்ஜெட் வெட்டின் பலன். 80 ஆனால் எட்டுப் பேர், அவர்களை நடத்த ஓர் ஒருங்கிணைப்பாளர், 80 பேருக்கு மாதாமாதம் மதிப்பூதியம் போட இன்னொரு கணக்கு உதவியாளர். இந்த அடுக்கு இல்லாமல் விரித்தால் முதலில் கெடுவது பழைய 40 மையங்கள்தான். மேலடுக்கு ஆட்களை விரிவாக்கத்துக்கு ஆறு மாதம் முன்பே எடுக்கப் பணம் கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் பயனாளி எண்ணிக்கை ஏறாது. ஏறவில்லையே என்று கேட்காமலும் இருக்க வேண்டும்.

திறன் வளர்ப்பு என்ற பெயரில் இயக்குநரை இரண்டு நாள் நட்சத்திர ஹோட்டல் பயிலரங்குக்கு அழைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கற்றுவந்ததைச் செயல்படுத்த ஆள் இல்லையென்றால் நோட்டுப்புத்தகம்தான் மிஞ்சும். ஒரு நிதி மேலாளரின் சம்பளத்தை மூன்று ஆண்டுக்கு ஏற்பது அதைவிடப் பலன் தரும். எது தேவை என்பதை நிறுவனமே சொல்லட்டும்.

அறிக்கைகளில் ஒரே ஒரு கேள்வி: இந்தத் தகவலை வைத்து நீங்கள் என்ன முடிவு எடுப்பீர்கள்? பதில் இல்லாத கட்டங்களை நீக்குங்கள். களப்பணியாளர் மூன்று நிதியாளர்களின் மூன்று செயலிகளில் ஒரே குழந்தையின் வருகையைப் பதிவதும் நடக்கிறது. என்ஜிஓ ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவேட்டையே ஏற்றுக்கொள்ளலாம்.

தனிநபர் கொடையாளர்களும் குடும்ப அறக்கட்டளைகளும் கம்பெனிப் படிவத்தை நகலெடுப்பது எங்கள் பார்வையில் மிகவும் வீணான தவறு. ஓர் அமைப்பின் மூலதன நிதிக்கு (கார்பஸ்) கொடுப்பதை 2021 முதல் சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது. உள்நாட்டுத் தனிக் கொடைக்கு அந்தத் தடை இல்லை. ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடான இருப்பு நிதியை உருவாக்கித் தரக்கூடியவர்கள் இவர்கள்தான். அவர்களும் ‘ஒரு குழந்தைக்கு எவ்வளவு’ என்று கேட்டுத் திட்டச்செலவுக்கு மட்டும் தந்தால், அந்த இருப்பைத் தர வேறு ஆள் கிடையாது.

நிறுத்துவதாக இருந்தால் பன்னிரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கடைசி ஆண்டில் தொகையை வெட்டாதீர்கள். கம்பெனியின் கவனம் கல்வியிலிருந்து நீர்நிலைக்கு மாறிவிட்டது என்பது பிப்ரவரியில் தெரிந்தால், 40 ஆசிரியர்களுக்கு ஏப்ரல் சம்பளம் கிடையாது. வேறு நிதியாளரைத் தேடிப் பேசி ஒப்பந்தம் போட ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த இரண்டு நிதியாளர்களிடம் நீங்களே அறிமுகம் செய்துவையுங்கள். உங்கள் மதிப்பீட்டு அறிக்கையையும் கூடவே அனுப்புங்கள்.