தம்பிக்கோ மகளுக்கோ செகண்ட் ஹேண்ட் ஹாட் ஹேட்ச்: வடசென்னையில் பார்த்து வாங்குவது எப்படி

ஹாட் ஹேட்ச் என்றால் சக்திவாய்ந்த இன்ஜின் போட்ட சிறிய ஹேட்ச்பேக் கார். ஓட்டப்போவது யார், தினமும் எந்த ரோட்டில் என்று முடிவு செய்துகொண்டு வண்டி தேடுங்கள். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறவருக்கும், மாதவரத்தில் பைபாஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டுகிறவருக்கும் ஒரே வண்டி சரிப்படாது.

ஊர்ந்து போகிறவருக்கு, 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 வேண்டாம். இன்ஜின் அருமை, 105 பிஎஸ் (குதிரைத்திறன்). சிக்கல் அதன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில். அதிலுள்ள இரண்டு கிளட்சும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். பம்பர் டு பம்பர் நெரிசலில் அரை கிளட்சிலேயே நகர்வதால் சூடேறி, தட்டுகள் தேய்ந்து, ஒன்று, இரண்டாம் கியரில் வண்டி உதறும். அடுத்து, கியரை மாற்றும் மின்னணுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் போனால் டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்னும், கியர் விழாது, செலவு லட்சத்தில் போய் நிற்கும். இதே போலோவில் 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ 110 பிஎஸ், அதன் ஆட்டோமேட்டிக், உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் 6 ஸ்பீடு. பணம் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தது, 120 பிஎஸ். நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி என்பதால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம். அதன் 7 ஸ்பீடு டிசிடி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உலர் கிளட்ச்தான், சூட்டில் சோதிக்காமல் வாங்காதீர்கள். மாருதி பலேனோ ஆர்எஸ் 102 பிஎஸ், மேனுவல் மட்டும், பின்னாலும் டிஸ்க் பிரேக். அதில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்புக்காக 2023-இல் ரீகால் வந்தது. சேஸி நம்பரைக் கொடுத்து, அந்த வேலை முடிந்துவிட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டே ஆக வேண்டும். அபார்த் புண்ட்டோ 145 பிஎஸ். ஃபியட் இங்கே கடையை மூடிவிட்டதால், வீட்டில் வேறு வண்டி இருப்பவருக்கு மட்டும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துங்கள். பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, டர்போ சீல் கசிவாக இருக்கலாம். பிறகு ஏசி போட்டு அரை மணி நேரம், வேண்டுமென்றே நெரிசலுள்ள நேரத்தில், மின்ட் பக்கமோ மூலக்கடை பக்கமோ ஓட்டுங்கள். உதறல் அப்போதுதான் தெரியும். மேனுவல் என்றால் நாலாம் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போச்சு.

இந்த ரக வண்டிகளில் பெரிய ஆபத்து ரீமேப், அதாவது கூடுதல் சக்திக்காக இன்ஜின் மென்பொருளை மாற்றுவது. விற்பதற்கு முன் மென்பொருளைப் பழையபடி மாற்றிவிடுவார்கள், ஆனால் போல்ட் பொய் சொல்லாது. ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போ குழாய், எக்ஸாஸ்ட் போல்ட்களின் தலையில் ஸ்பேனர் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போலோவின் அந்த டிஎஸ்ஜி தாங்கும் டார்க் (சுழற்றும் விசை) 250 என்எம், கம்பெனி இன்ஜின் தருவது 175. இடையிலுள்ள பாதுகாப்பைத்தான் ரீமேப் தின்கிறது. புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு ரீமேப் வண்டியைக் கொடுக்கவே கூடாது. வண்டி சறுக்காமல் காக்க உதவும் இஎஸ்பி இருக்கும் வண்டியாகவே தேடுங்கள்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கத்து வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் அந்த ஒரு முழ நீளத்தை யாரும் கழுவ மாட்டார்கள், சேறு கோடாகப் படிந்திருக்கும். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் கனெக்டரில் பச்சைப் பூச்சு, இதில் ஒன்று இருந்தாலும் விலை பேசாதீர்கள். காசிமேடு, எண்ணூர் கடலோர வண்டிக்கு லிஃப்டில் தூக்கி, பிரேக் பைப்பும், அடிச்சட்டமான சப்ஃபிரேமும் உப்புக்காற்றில் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரை நம்ப டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம். 2321 என்றால் 2021-இன் 23-வது வாரம் தயாரான டயர். குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியில் டயர் மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்டி, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.

ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் வங்கியின் ஆட்சேபணை இல்லாச் சான்றும் (என்ஓசி), கடன் முடிந்ததற்கான படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அரசின் பரிவாகன் இணையதளத்தில் இ-சலான் (போக்குவரத்து அபராத) பாக்கியைப் பார்த்து, விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும், இங்கே வரி கட்டியதும் அந்த மலிவு போய்விடும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் புது ஓனர் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அதனால் வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்ற, பட்ஜெட்டில் முதலிலேயே பணம் ஒதுக்கி வையுங்கள்.