கடை ஓர்டரை பிபிஎம்என்னில் வரைந்து ஓட்டிப் பார்ப்போம் (கூட்டல் குறியில் மாட்டிக்கொள்ளாமல்)

வேலை நடக்கும் ஒழுங்கைப் படமாக வரைந்து, அந்தப் படத்தையே கணினியில் ஓட வைப்பதுதான் பிபிஎம்என். எடுத்துக்காட்டுக்கு, கொழும்புப் புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு துணி மொத்தக் கடையின் கடன் ஓர்டரை எடுத்துக்கொள்கிறேன். வெளியூர்க் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஓர்டர் போடுவார். கணக்காளர் பழைய பாக்கியையும் திரும்பி வந்த செக்குகளையும் பார்ப்பார். களஞ்சியத்தில் சரக்கு இருக்கிறதா என்று இன்னொருவர் பார்ப்பார். 5 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றால் முதலாளி தலையாட்ட வேண்டும். பிறகு பில், லொறி.

மென்பொருளைக் கொண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியான டொக்கர், உங்கள் கணினியில் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் தாள்

கணினியைத் திறக்காதீர்கள். முதலாளியிடம் கேளுங்கள், அப்புறம் அவர் இல்லாத நேரத்தில் கணக்காளரிடமும் களஞ்சியக்காரரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று கதைகளும் ஒத்துப்போகாது. "5 இலட்சத்துக்கு மேல் எதுவும் என்னைக் கேட்காமல் போகாது" என்பார் முதலாளி. அவர் சரக்கெடுக்கச் சென்னை போயிருக்கும் வாரத்தில் தம்பிதான் போனில் 'சரி, அனுப்பு' என்பவர் என்று கணக்காளர் சொல்வார். அந்தத் தம்பியும் படத்தில் வர வேண்டும். வராவிட்டால் முதல் வாரத்திலேயே ஆட்கள் கணினியை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

படி 2: ஐந்து குறிகள் போதும்

பிபிஎம்என் 2.0 என்பது, மென்பொருள் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்ட தரநிலை. 2013இல் ஐஎஸ்ஓ 19510 என்றும் ஆனது. ஆவணம் 500 பக்கங்களுக்கு மேல், படிக்க வேண்டாம். மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, முனை மழுங்கிய பெட்டி ஒரு வேலை. பெருக்கல் குறி போட்ட சாய்சதுரம் 'இதுவா, அதுவா' என்று ஒரு வழியை மட்டும் தேரும். கூட்டல் குறி போட்ட சாய்சதுரம் எல்லா வழிகளையும் ஒன்றாகத் திறக்கும். வட்டம் போட்ட சாய்சதுரம் ஒன்றும் உண்டு. தொடங்குபவர்கள் அதன் பக்கமே போகாதீர்கள்.

படி 3: எதில் வரைவது

விசியோ, டிரோ.ஐஓ இரண்டிலும் அழகாக வரையலாம், ஆனால் அங்கே படம் படமாகவே நிற்கும், ஓடாது. கமுண்டா என்பது பிபிஎம்என் படத்தை ஓட்டும் மென்பொருள். அதன் டெஸ்க்டொப் மொடலர் வரைவதற்கு நல்ல கருவி, எனக்கும் பிடிக்கும். சிக்கல் ஓட்டுவதில்தான். கமுண்டா 7இன் இலவசப் பதிப்பு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. கமுண்டா 8ஐச் சொந்த சேர்வரில் உண்மையான வேலைக்கு ஓட்ட, 8.6 பதிப்பிலிருந்து கட்டண உரிமம் வேண்டும். ஒரு துணிக்கடைக்கு அது கட்டாது.

அதனால் நான் எடுப்பது ஃப்ளோவபிள். அக்டிவிட்டி என்ற இதேபோன்ற மென்பொருளிலிருந்து 2016இல் பிரிந்து வந்தது, இலவசமாகப் பயன்படுத்தவிடும் அபாச்சி உரிமம். ஒன்றைக் கவனியுங்கள்: இலவசப் பதிப்பின் 7ஆம் வரிசையில் வரையும் திரைகளை எடுத்துவிட்டார்கள். கற்றுக்கொள்ள 6ஆம் வரிசையின் 'ஃப்ளோவபிள் யூஐ' டொக்கர் படிமத்தை இறக்குங்கள். 8080 போர்ட்டில் திறக்கும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் டெஸ்ட். வேறு தரவுத்தளம் இணைக்காத வரை கொண்டெய்னரை அழித்தால் வரைந்ததெல்லாம் சேர்ந்து போகும். ஆகவே படத்தின் எக்ஸ்எம்எல் கோப்பை அவ்வப்போது ஏற்றுமதி செய்து, பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் கிட்டில் போட்டு வையுங்கள்.

படி 4: நாணயம் நகர்த்திப் பாருங்கள்

அவசரமாகத் தாண்டக்கூடாத படி இது. ஓட்டும் எஞ்சினுக்கு உங்கள் கடையும் தெரியாது, துணியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது, வேலை படத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் டோக்கன் ஒன்றுதான். கண்ணால் பார்க்க, தாளில் வரைந்த படத்தின் தொடக்க வட்டத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து அம்புக்குறி வழியே நகர்த்துங்கள்.

கூட்டல் குறிக்கு வந்ததும் இன்னொரு நாணயத்தை எடுக்க வேண்டும். ஒன்று 'கடன் பார்த்தல்' பெட்டிக்கு, மற்றது 'சரக்குப் பார்த்தல்' பெட்டிக்கு. இரண்டும் முடிந்து சேருமிடத்தில் மறுபடி ஒரு கூட்டல் குறி. அது இரண்டு நாணயங்களும் வரும்வரை காத்திருந்து, ஒன்றாக்கி வெளியே விடும். அடுத்தது பெருக்கல் குறி: 5 இலட்சத்துக்கு மேலா? ஆம் என்றால் முதலாளியின் பெட்டி, இல்லை என்றால் நேரே பில். இங்கே நாணயம் எப்போதும் ஒன்றுதான்.

இப்போது தவறாகச் சேர்த்துப் பாருங்கள். பெருக்கலில் பிரித்ததைக் கூட்டலில் சேர்த்தால், ஒரு நாணயம் வந்து நிற்கும். வராத இரண்டாவதற்காகக் கூட்டல் குறி காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓர்டர் சும்மா தொங்கும், வாடிக்கையாளர் போன் எடுத்துத் திட்டும்போதுதான் தெரியவரும். மறுபக்கம், கூட்டலில் பிரித்ததைப் பெருக்கலில் சேர்த்தால் இரண்டு நாணயங்களும் தடையில்லாமல் கடந்து போகும். ஒரே ஓர்டருக்கு இரண்டு பில், இரண்டு லொறி! சாய்சதுரமே போடாமல் இரண்டு அம்புகளை நேராகப் பில் பெட்டிக்குள் விட்டாலும் இதே கதைதான். படத்தில் பார்த்தால் இரண்டும் சேர்வதுபோல்தான் தெரியும், அதுதான் ஏமாற்று.

இன்னொரு பொறி இருக்கிறது. சரக்கு இல்லை என்றால் என்ன? பலரும் அந்தக் கிளையிலிருந்து நேராக ஒரு முடிவு வட்டத்துக்கு அம்பு போடுவார்கள். அந்த நாணயம் போய்விடும், கடன் பார்த்து முடிந்த நாணயமோ சேருமிடத்தில் கிடந்து காயும். உள்ளே கறுப்பு நிரப்பிய முடிவு வட்டம் ஒன்று உண்டு, அது எல்லா நாணயங்களையும் ஒரேயடியாக அழித்துவிடும். நான் அதைப் பயன்படுத்துவதில்லை. கணக்காளர் பாதி பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அவர் திரையிலிருந்து திடீரென்று மறைந்தால், அவர் அடுத்த நாள் உங்களோடு பேசமாட்டார். 'சரக்கு இல்லை' என்று ஒரு மாறியில் (எஞ்சின் நினைவில் வைத்திருக்கும் மதிப்பில்) குறித்துக்கொண்டு இரண்டையும் முறையாகச் சேர்க்கவிடுங்கள், சேர்ந்த பிறகு பெருக்கல் குறியில் முடிவெடுங்கள்.

படி 5: ஓட்டுங்கள்

ஃப்ளோவபிளின் மொடலரில் வரைந்து சேமியுங்கள், ஓர் 'அப்' உருவாக்கி அந்தப் படத்தை அதில் சேருங்கள், பப்ளிஷ் கொடுங்கள். முகப்பில் புதிய கட்டம் வரும், உள்ளே போய்த் தொடங்கலாம்.

நிபந்தனையைச் சாய்சதுரத்தின் மேல் தேடாதீர்கள், அது அம்புக்குறியின் மேல்தான் இருக்கும். ஓர் அம்புக்கு 'தொகை 500000க்கு மேல்' என்ற நிபந்தனை எழுதி, மற்றதை இயல்பு வழியாகக் குறியுங்கள். இயல்பு வழி இல்லாமல், எந்த நிபந்தனையும் பொருந்தாமல் போனால் எஞ்சின் அங்கேயே பிழை காட்டி நிற்கும். படிவத்தில் தொகைக்கு எண் புலம் வையுங்கள், எழுத்துப் புலம் வேண்டாம். நம்மாட்கள் பழக்கதோஷத்தில் 500,000 என்று கமா போட்டுத்தான் அடிப்பார்கள், எழுத்தாக வந்த கமாவோடு எஞ்சினால் எண்ணை ஒப்பிட முடியாது.

படி 6: முதலாளிக்கு நினைவூட்டல்

முதலாளியின் பெட்டி விளிம்பில் ஒரு டைமர் ஒட்டுங்கள். அதன் வட்டக் கோடு தொடர்ச்சியாக இருந்தால், நேரமானதும் அவருடைய வேலையைப் பிடுங்கிக்கொண்டு போகும். தம்பிக்கு மாற்றிவிட இது சரி. கோடு விட்டுவிட்டு இருந்தால் வேலை அவரிடமே இருக்கும், பக்கத்தில் இன்னொரு நாணயம் கிளம்பி நினைவூட்டல் மட்டும் அனுப்பும்.

கால அளவை ஐஎஸ்ஓ 8601 முறையில், ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் என்றால் பி, டி, 4, எச் என்று இடைவெளி விடாமல். நடுவிலுள்ள 'டி'யை விட்டுவிடாதீர்கள். பி, டி, 2, எம் என்றால் இரண்டு நிமிடம். பி, 2, எம் என்றால் இரண்டு மாதம்! சோதனைக்கு இரண்டு நிமிடம் வைத்துவிட்டு 'டைமர் வேலை செய்யவில்லை' என்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் நிற்கிறார்கள்.

இதே படத்தை மென்பொருள் வெளியீட்டுக்கும் வரையலாமா என்று கேட்பவர்களுக்கு: மனிதர் பார்த்து அனுமதிக்கும் பகுதிக்கு மட்டும் வரையுங்கள். குறியீட்டைத் திரட்டுவது, சோதனைகளை ஓட்டுவது எல்லாம் தானியங்கிக் கருவிகளான ஜென்கின்ஸ் அல்லது கிட்ஹப் அக்‌ஷன்ஸ் வேலை. யாராவது நாள்கணக்கில் காத்திருக்கும் இடத்தில்தான் இந்த எஞ்சினுக்குப் பெறுமதி.

பின்சேர்க்கை

படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டதில் மூன்று.

காலை 9 மணிக்கு வைத்த தினசரி டைமர் பிற்பகல் 2.30க்கு அடிக்கிறது: கொண்டெய்னர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜாவாவின் நேரவலயத்தை ஏசியா/கொழும்பு என்று அமைப்பில் கொடுங்கள்.

இரண்டு நாள் டைமர் போயா (பௌர்ணமி விடுமுறை) அன்றும் எண்ணுகிறது: எண்ணத்தான் செய்யும், அதற்குப் போயாவும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. விடுமுறை நாள்களை ஓர் அட்டவணையில் வைத்து, கெடு திகதியை முந்திய படியிலேயே கணக்கிட்டு மாறியில் போடுங்கள். டைமரில் கால அளவுக்குப் பதிலாகத் திகதி வகையைத் தேர்ந்து அந்த மாறியைக் கொடுங்கள்.

படத்தைத் திருத்திப் பப்ளிஷ் செய்த பிறகும் சில ஓர்டர்கள் பழைய வழியிலேயே போகின்றன: அவை திருத்தத்துக்கு முன்பே தொடங்கியவை. எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அதிலேயே முடியும், புதிய படம் புதிய ஓர்டருக்குத்தான். தொங்கிக் கிடப்பது ஐந்தாறு என்றால் பதிப்பு மாற்றும் வேலையில் இறங்காமல், அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நீக்கும் முன், பில் ஏற்கெனவே அடித்தாயிற்றா என்று கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.