பீட்ரூட் சாயத்தை வைத்துச் செல் சவ்வைச் சோதிக்கும் முறை

பீட்ரூட்டின் சிவப்பு, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் கரைந்து கிடக்கும் நிறமி. அது வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: வாக்குவோலைச் சுற்றியிருப்பது ஒன்று, செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா சவ்வு இன்னொன்று. ஒவ்வொன்றும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கியது. நீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், நீரை ஒதுக்கும் கொழுப்பு வால்கள் உள்பக்கம், இடையிடையே புரதங்கள். மொத்தத் தடிமனே 7, 8 நானோமீட்டர்தான். நிறமி மூலக்கூறு பெரியது, மின்சுமை உள்ளது. அந்தக் கொழுப்பு அடுக்குக்குள் அதனால் நுழைய முடியாது. ஆகவே தண்ணீர் சிவந்தால் சவ்வு பழுதாகிவிட்டது என்று பொருள். பெங்களூரில் பி.யூ.சி. படிக்கும் பிள்ளைகள் இதை வீட்டு அடுப்படியிலேயே செய்து பார்த்துவிடலாம்.

வேகவைக்காத பீட்ரூட் ஒன்றைத் தோல் சீவி, 3 மி.மீ. தடிமனில் 1 செ.மீ. சதுரங்களாக நறுக்குங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே கிழங்கிலிருந்து வரட்டும். கத்தி பட்ட செல்களிலிருந்து சாயம் எப்படியும் ஒழுகும். அதைக் கழுவித் தீர்க்காவிட்டால் சோதனையே பாழ். குளிர்ந்த நீரில் 15 நிமிடம் போட்டு, நீர் நிறமில்லாமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் பாஸ்போலிப்பிடுகளின் தலைகளைப் பிணைத்துச் சவ்வை இறுக்கும்; கசிவு குறைவாகத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது, ஆர்.ஓ. நீரும் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இந்தச் சூட்டுக்கு உதவாது, லேப் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கொதிநீரில் அது ஏறக்குறைய 97 டிகிரி காட்டினால் கருவி சரி.

ஒரு பாத்திரத்தில் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். ஒரு துண்டைச் சரியாக 1 நிமிடம் அதில் வைத்து, கரண்டியால் எடுத்து, 20 மி.லி. சாதாரண நீர் உள்ள டம்ளருக்கு மாற்றுங்கள். முள்கரண்டியால் குத்தினால் புதிதாகச் செல்கள் கிழியும். பாத்திரம் ஆற ஆற 60, 50, 40 டிகிரியில் ஒவ்வொரு துண்டு. சூடே படாத ஒன்றும் கட்டாயம் வேண்டும். 20 நிமிடம் கழித்துக் கலக்கி, வெள்ளைத் தாளை டம்ளருக்குப் பின்னால் பிடித்து ஒப்பிடுங்கள்.

40 டிகிரி டம்ளரில் நிறம் அநேகமாக இருக்காது. 60க்கு மேல் நன்றாகச் சிவக்கும். சூட்டில் கொழுப்பு வால்கள் அதிகம் அசைந்து அடுக்கு தளர்கிறது. புரதங்கள் வடிவம் குலைவதால் இடைவெளிகள் விழுகின்றன. வித்தியாசமே தெரியவில்லையென்றால் துண்டு தடிமனாக இருந்திருக்கும்: 1 நிமிடத்தில் சூடு நடுவரை போகாது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். 100 மி.லி. நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய மெல்லிய பீட்ரூட் குச்சி ஒன்றை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். குச்சி துவண்டு வளையும், உப்பு நீரோ லேசாகத்தான் நிறம் மாறும். தண்ணீர் வெளியேறிவிட்டது, சாயம் உள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் இவ்வளவு எளிதாகப் போக அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் சவ்வில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் பொருள்களை ஏற்றி இறக்கும் பம்ப்புகளை இந்த முறையில் பார்க்க முடியாது. ஆனால் கொழுப்பு அடுக்கு கரைவதைப் பார்க்கலாம்: ஒரு துண்டைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் (எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால்) போட்டால் சூடில்லாமலே சாயம் இறங்கும். அதை மட்டும் அடுப்படியில் வேண்டாம், பால்கனியில் செய்யுங்கள்.