விண்டோஸும் உபுண்டுவும் ஒரே வட்டில்: இடத்தைப் பிரிக்கும் முறை

500 ஜிபி வட்டு ஒன்றில் விண்டோஸையும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் சேர்த்து வைக்க விரும்புபவர், எத்தனை பகுதிகள் (பார்ட்டிஷன்கள்) வேண்டும் என்று கணக்கிடுவதற்கு முன், எது வளரும், எது வளராது என்று பார்ப்பது நல்லது. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. புதுப்பிப்புகளும் மென்பொருள்களும் சேரச் சேர அது போதாமல் போகும் என்பதால், விண்டோஸ் இருக்கும் சி பகுதிக்கு 150 ஜிபியாவது ஒதுக்குவதே என் வழக்கம். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் பின்னால் தொல்லைதான்: விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவி, ஒரு பகுதியை அதன் வலப்புறம் ஒட்டியுள்ள காலி இடத்துக்குள் மட்டுமே நீட்டிக்கும்; நடுவே வேறொரு பகுதி இருந்துவிட்டால், அதற்கு அப்பால் எவ்வளவு இடம் கிடந்தும் பயனில்லை.

உபுண்டுவின் இயங்குதளக் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதிக்கு 60 ஜிபி தாராளம். பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியே வைத்தால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது அதை ஃபார்மட் செய்யாமல் விட்டு, சொந்தக் கோப்புகளைக் காப்பாற்றலாம். ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் வட்டு இடமான ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி கட்டாயமில்லை, கோப்பாகவே வைக்கலாம்.

மீதி இடத்தை இரு இயங்குதளங்களும் பகிரும் தரவுப் பகுதியாக்கி, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமையுங்கள். மற்றொரு கோப்பு முறையான ஃபேட்32-இல் 4 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ஒற்றைக் கோப்பைச் சேமிக்க முடியாது. விண்டோஸின் விரைவுத் தொடக்க (Fast Startup) வசதியை அணைக்காவிட்டால், உபுண்டு அப்பகுதியில் எழுத மறுக்கக்கூடும். விண்டோஸை முதலில் நிறுவுங்கள். இயங்குதளங்களைத் தொடங்கும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பகுதியைத் தொடாதீர்கள். பிரிக்கத் தொடங்கும் முன், கோப்புகளின் நகலை வேறொரு வட்டில் எடுத்துவையுங்கள். அதே வட்டின் இன்னொரு பகுதி காப்புநகல் ஆகாது.