மூலிகைச் சேர்மம் கலத்தின் எந்த இடத்தைத் தாக்குகிறது? மதுவத்தைக் கொண்டு கண்டறியும் முறை

பனங்களி, வேப்பம்பட்டை, மஞ்சள், தூதுவளை என்று நமது வளவிலும் வேலியோரத்திலும் கிடைப்பவற்றிலிருந்து சாறு பிரித்து, ஏகார் தட்டில் இட்டு, வளர்ச்சி தடைப்பட்ட வளையத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளப்பது யாழ்ப்பாணத்தில் உயிரியல் கற்கும் மாணவர் பலருக்கும் பழக்கமான வேலை. அந்த விட்டம் சேர்மத்துக்கு உயிர்ச்செயற்பாடு உண்டு என்பதைச் சொல்லும். அது கலத்தின் எந்தப் புரதத்தை அல்லது எந்தக் கட்டமைப்பைத் தாக்குகிறது என்பதைச் சொல்லாது. இந்த இரண்டாவது வினாவுக்கு விடை தேடுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பரம்பரையலகுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட மதுவத் திரிபுகளை (ஒரே இனத்துக்குள் மரபால் வேறுபட்ட வகைகளை) சரியான ஒழுங்கில் பயன்படுத்தினால், சிறிய ஆய்வுகூடத்திலும் அந்த விடையை நெருங்க முடியும்.

பாணுக்கும் பியருக்கும் பயன்படும் சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற மதுவம் 1996 இல் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட முதலாவது மெய்க்கருவுயிர் (கருவுள்ள கலத்தாலான உயிர்) ஆகும். அதன் 16 நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 6000 பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 1000 இன்றிக் கலம் உயிர்வாழாது. 2002 அளவில், பன்னாட்டு ஆய்வாளர் கூட்டொன்று அநேகமாக ஒவ்வொரு பரம்பரையலகையும் தனித்தனியே நீக்கிய திரிபுகளின் தொகுதியை உருவாக்கி முடித்தது. நீக்கிய இடத்தில் ஜி418 என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்புத் தரும் அலகும், அந்தத் திரிபை அடையாளம் காட்டும் 20 மூல (டி.என்.ஏ. எழுத்து) நீளமான இரு டி.என்.ஏ. குறிகளும் பொருத்தப்பட்டுள்ளன. கடையில் வாங்கும் பாண் மதுவம் இவ்வேலைக்கு உதவாது. அதன் நிறமூர்த்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒழுங்கற்றது. ஒரு பரம்பரையலகின் பல பிரதிகள் இருக்கும்போது ஒன்றை இழந்ததன் விளைவு வெளியே தெரியாது. பி.வை.4741 என்ற ஒருமடியத் (ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் ஒரு பிரதி மட்டுமுள்ள) தாய்த்திரிபும் அதிலிருந்து பெறப்பட்ட நீக்கல் திரிபுகளும் வெளிநாட்டுச் சேகரிப்பு நிலையங்களில் விலைக்குக் கிடைக்கும். முழுத்தொகுதியையும் வாங்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு திரிபுகளுடன் தொடங்கலாம் என்பதே எனது கருத்து.

முதலில் சேர்மத்தின் அளவு

திரிபுகள் வந்து சேர்வதற்கு முன்னரே சேர்மத்தின் அளவைத் தீர்மானிக்கும் வேலையைத் தாய்த்திரிபில் முடித்துவிடலாம். வளர்ப்பூடகம் எளிது: மதுவச் சாறு 1 சதவீதம், பெப்தோன் 2 சதவீதம், குளுக்கோசு 2 சதவீதம், தட்டு வார்ப்பதாயின் ஏகார் 2 சதவீதம். இதில் 30 பாகை செல்சியசில் மதுவம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். யாழ்ப்பாணத்தின் அறை வெப்பம் பல மாதங்களில் இதற்கு அண்மையாகவே இருப்பதால் இன்குபேற்றர் வேண்டாம் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் சித்திரை வைகாசியில் பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் திரிபுகளுக்கிடையிலான சிறு வேறுபாடுகளை மறைத்துவிடும். எனவே நிலையான வெப்பத்தில் வைப்பதே நல்லது.

சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ. அல்லது எதனோலில் கரைத்து, ஊடகத்தில் கரைப்பானின் அளவு 1 சதவீதத்தைத் தாண்டாதவாறு சேர்க்க வேண்டும். அதே அளவு கரைப்பான் மட்டும் கொண்ட கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் இருத்தல் அவசியம். இரட்டை ஐதாக்கத் தொடரொன்றில் 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தியை (கலங்கள் பெருகப் பெருக உயரும் கலங்கல் அளவை) மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்தால், வளர்ச்சி வேகத்தை 10 முதல் 20 சதவீதம் வரை மட்டும் குறைக்கும் செறிவு தெரியவரும். அந்தச் செறிவே நமக்கு வேண்டியது. அனைத்தையும் கொல்லும் செறிவில் எல்லாத் திரிபுகளும் ஒரேபோல மடியும். அதிலிருந்து அறிவதற்கு எதுவும் இராது. மஞ்சள் போன்ற நிறச் சாறுகளும், ஊடகத்தில் வீழ்படிவாகும் சாறுகளும் ஒளியடர்த்தி அளவீட்டைக் குழப்பும். அவற்றுக்குத் தட்டில் கொளனிகளை எண்ணுவது பாதுகாப்பானது. பனங்களி போன்ற பழச்சாறாயின் அதிலுள்ள வெல்லங்களும் அமிலமும் வளர்ச்சியை மாற்றும் என்பதால், ஊடகத்தின் பி.எச். பெறுமானத்தைச் சரிசெய்து, சேர்மத்தை இயன்றவரை தூய்மையாக்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். கலவைச் சாற்றைக் கொண்டு பொறிமுறை தேடுவது பெரும்பாலும் காலவிரயம்.

புள்ளிப் பரிசோதனை

ஒவ்வொரு திரிபையும் ஓரிரவு வளர்த்து, ஒளியடர்த்தியைச் சமப்படுத்தி, பத்துமடங்காக ஐந்து தடவை ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 மைக்ரோலீற்றர் வரை சேர்மம் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் புள்ளியாக இட்டு, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை இவ்வளவுதான். பயன் முழுவதும் திரிபுகளைத் தெரிவு செய்வதில் தங்கியுள்ளது.

சேர்மங்களை வெளியே தள்ளும் பம்பியான பி.டி.ஆர்.5 நீக்கப்பட்ட திரிபு முதலாவதாக இருக்கட்டும். இயல்பான மதுவத்தில் வேலை செய்யாத பல சேர்மங்கள் இதில் வேலை செய்யும். மதுவ மென்சவ்வின் கொழுப்புப் பொருளான எர்கோஸ்டெரோல் உற்பத்தியின் இறுதிப் படிகளுக்குரிய ஈ.ஆர்.ஜி.3, ஈ.ஆர்.ஜி.6 நீக்கிய திரிபுகள் மென்சவ்வு பற்றிச் சொல்லும். ஒட்சியேற்ற நெருக்கடிக்கு வை.ஏ.பி.1, டி.என்.ஏ. சேதத்துக்கு ஆர்.ஏ.டி.52, கலச்சுவருக்கு எஸ்.எல்.டி.2, அகமுதலுருச் சிறுவலையில் புரதம் மடிப்படைதலுக்கு ஐ.ஆர்.ஈ.1, இரும்புச் சமநிலைக்கு ஏ.எப்.டி.1, நுண்குழாய்களுக்கு சி.ஐ.என்.1 ஆகிய நீக்கல் திரிபுகளைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறிமுறை தெரிந்த ஒரு பொருளை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும்: முறையே ஐதரசன் பேரொட்சைட்டு, மெதைல் மெதேன்சல்பொனேற்று, கொங்கோ சிவப்பு, துனிகாமைசின், இரும்பைப் பிணைக்கும் ஒரு பொருள், பெனோமைல், மென்சவ்வுக்கு நிஸ்டற்றின் என்ற பூஞ்சைக்கொல்லி. தெரிந்த பொருளுக்கே திரிபு எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளாவிட்டால், திரிபு மாறிப்போயிருக்கிறது அல்லது தட்டில் தவறு உள்ளது. அன்றைய முடிவு எதையும் நம்பக்கூடாது.

திரிபே தேவைப்படாத மலிவான சோதனை ஒன்றும் உண்டு. தாய்த்திரிபைக் குளுக்கோசு உள்ள தட்டிலும், குளுக்கோசுக்குப் பதிலாகக் கிளிசரோல் உள்ள தட்டிலும் வளர்க்க வேண்டும். கிளிசரோலில் வளர மதுவத்துக்கு இழைமணியின் சுவாசம் கட்டாயம் தேவை. ஆகவே கிளிசரோலில் மட்டும் வளர்ச்சி கடுமையாகக் குறைந்தால் சந்தேகம் இழைமணியின் பக்கம் திரும்பும்.

பனங்களியைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டு

பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளாபெலிபெரின்கள் ஸ்டீரொயிட்டு சப்போனின் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மதுவத்தின் வளர்ச்சியைத் தடுப்பவையும் இருப்பதாக இலங்கை ஆய்வாளர் ஏலவே காட்டியுள்ளனர். சப்போனின்கள் பொதுவாக மென்சவ்வின் ஸ்டெரோல்களுடன் இணைந்து சவ்வைக் குலைப்பவை என்பதால், இங்கும் இலக்கு எர்கோஸ்டெரோலா என்பதே இயல்பான முதல் வினா. நிஸ்டற்றின் எர்கோஸ்டெரோலுடன் இணைவது, அதனால் ஈ.ஆர்.ஜி.3, ஈ.ஆர்.ஜி.6 நீக்கிய திரிபுகள் அதனைத் தாய்த்திரிபைவிட நன்றாகத் தாங்கும். மறுபுறம், ஈ.ஆர்.ஜி.6 இல்லாத கலத்தின் சவ்வு பல சேர்மங்களை இலகுவாக உள்ளே விடுவதால், தொடர்பேயில்லாத பல பொருட்களுக்கு அத்திரிபு கூடுதலாகப் பாதிக்கப்படும். ஆகவே தூய்மையாக்கிய பிளாபெலிபெரினை இரண்டு திரிபுகளும் தாங்கினால் எர்கோஸ்டெரோல் இலக்கு என்ற கருத்து வலுப்பெறும், ஈ.ஆர்.ஜி.6 திரிபு மட்டும் அதிகம் பாதிக்கப்பட்டால், சேர்மம் உள்ளே நுழைந்து வேறெங்கோ வேலை செய்கிறது என்று கருத வேண்டும். ஊடகத்தில் எர்கோஸ்டெரோலைச் சேர்த்தபின் தடைக்குத் தேவையான செறிவு உயர்கிறதா என்று பார்ப்பது இதற்கான அடுத்த சோதனை.

இவ்வாறு விளைவை மீட்டுப் பார்க்காமல் எந்தப் பொறிமுறையையும் எழுதக்கூடாது. மஞ்சளின் குர்க்குமின் இதற்கு நல்ல முன்னுதாரணம். இரும்புச் சமநிலையில் குறையுள்ள விகாரிகள் (பரம்பரையலகு மாறிய திரிபுகள்) குர்க்குமினால் கூடுதலாகப் பாதிக்கப்படுவதையும், ஊடகத்தில் இரும்பைச் சேர்த்தபோது வளர்ச்சி மீண்டதையும் 2011 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குர்க்குமின் மதுவத்தில் இரும்பைப் பிணைத்தே வளர்ச்சியைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு இரண்டாவது அவதானமே உறுதி தந்தது. முதலாவது மட்டும் இருந்திருந்தால் அது ஒரு தொடர்பாகவே நின்றிருக்கும். குறிப்பாக, கலத்தினுள்ளிருக்கும் புன்வெற்றிடம் என்ற பையை அமிலமாக்கும் பம்பியின் உறுப்புகளான வி.எம்.ஏ. பரம்பரையலகுகள் நீக்கப்பட்ட திரிபுகள் கணக்கற்ற பொருட்களுக்கு உணர்திறன் காட்டுபவை. அவை பட்டியலில் முதலில் வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை.

சிறு தொகுதி எதையும் காட்டாதபோது

அப்போது முழுத்தொகுதிக்குச் செல்லலாம். ஒரு புரதத்தைச் சேர்மம் தாக்குமாயின், அதற்குரிய பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்றை இழந்த இருமடியத் திரிபு, புரதம் ஏற்கெனவே பாதியாக இருப்பதால், மற்றவற்றுக்கு முன்னரே வளர்ச்சியில் பின்தங்கும். உயிர்வாழ அவசியமான பரம்பரையலகுகளையும் இவ்வாறு சோதிக்கலாம் என்பது இதன் சிறப்பு. எல்லாத் திரிபுகளையும் ஒரே குடுவையில் கலந்து, சேர்மத்துடன் சில தலைமுறைகள் வளர்த்து, டி.என்.ஏ. பிரித்து, 20 மூலக் குறிகளை வரிசைப்படுத்தி எண்ணினால் எந்தத் திரிபு குறைந்தது என்று தெரியும். குடுவையும் டி.என்.ஏ. பிரித்தெடுப்பும் இங்கேயே செய்யக்கூடியவை. வரிசைப்படுத்தலுக்கு வசதியுள்ள இடத்துக்கு அனுப்பினால் போதும்.

எதிர்த்திசையிலும் செல்லலாம். வளர்ச்சியை முற்றாகத் தடுக்கும் செறிவுள்ள தட்டில் 1 கோடி முதல் 10 கோடி வரையான கலங்களைப் பரப்பி, தானாகத் தோன்றும் எதிர்ப்பு விகாரிகளைப் பொறுக்க வேண்டும். தாய்த்திரிபில் இதனைச் செய்தால் கிடைப்பவற்றுள் பல பம்பிகளை அதிகரித்த விகாரிகளாகவே இருக்கும். ஆகையால் பம்பிகளை இயக்கும் பி.டி.ஆர்.1, பி.டி.ஆர்.3 இரண்டும் நீக்கப்பட்ட திரிபிலிருந்து தொடங்குவது நல்லது. கிடைத்த விகாரியை எதிர்ப் பால்வகையுடைய பி.வை.4742 வழித் திரிபுடன் கலக்க வேண்டும். பி.வை.4741 வழி வந்த விகாரிக்கு மெதியோனினும் பி.வை.4742 வழித் திரிபுக்கு லைசினும் வெளியிலிருந்து தேவைப்படுவதால், இவ்விரண்டும் இல்லாத ஊடகத்தில் இணைந்த இருமடியம் மட்டுமே வளரும். இருமடியமும் எதிர்ப்புக் காட்டினால் விகாரம் ஆட்சியுடையது, காட்டாவிட்டால் பின்னடைவானது.

இந்த வேறுபாட்டின் பெறுமதியை ரபாமைசின் காட்டுகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்து கிடைத்த இச்சேர்மத்துக்கு எதிர்ப்புக் காட்டிய மதுவ விகாரிகள் 1991 இல் வெளியான ஆய்வில் மூன்று பரம்பரையலகுகளைச் சுட்டின. எப்.பி.ஆர்.1 இல் ஏற்பட்ட இழப்பு பின்னடைவானது: ரபாமைசின் முதலில் இப்புரதத்துடன் இணைந்தே நஞ்சாகிறது, புரதம் இல்லையேல் நஞ்சும் இல்லை. டி.ஓ.ஆர்.1, டி.ஓ.ஆர்.2 ஆகியவற்றின் ஆட்சியுடைய விகாரங்களோ அந்த இணைப்பு வந்து பற்றும் இடத்தை மாற்றியவை. உண்மையான இலக்கு அவையே. எதிர்ப்புத் தரும் முதல் பரம்பரையலகையே இலக்கு என்று அறிவிப்பவர் எப்.பி.ஆர்.1 உடன் நின்றுவிடுவார்.

இலக்கென்று கருதும் பரம்பரையலகு கிடைத்தபின், அதே விகாரத்தைப் புதிய தாய்த்திரிபில் ஏற்படுத்தி எதிர்ப்பு மீண்டும் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நிகரான மனிதப் பரம்பரையலகு இருப்பின், மதுவத்தின் பிரதியை நீக்கி மனிதப் பிரதியை இட்டு, சேர்மம் அதனையும் தாக்குகிறதா என்று சோதிக்கலாம். பல பரம்பரையலகுகளில் இவ்வாறான மாற்றீடு வெற்றியளித்துள்ளது. ஆனால் நரம்பு வாங்கிகள், நோயெதிர்ப்புக் கலங்களின் சமிக்ஞைகள் போன்றவை மதுவத்தில் இல்லை. பம்பிகள் நீக்கப்பட்ட திரிபிலும், கரையக்கூடிய மிகவுயர்ந்த செறிவிலும், கிளிசரோல் தட்டிலும் சேர்மம் எவ்வித விளைவையும் காட்டாவிட்டால், மதுவத்தை விட்டு விலங்குக் கல வளர்ப்புக்குச் செல்வதே முறை.